கூட்டல் குறியில் நின்ற கணக்கு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் முழங்கால் வலியில்தான் வந்து நிற்கிறது. இன்றைக்கு முழங்காலை விட்டுவிடுங்கள். நான் ஆல்ஜீப்ராவைப் பற்றிச் சொல்லப் போகிறேன். முகத்தைச் சுளிக்க வேண்டாம். உங்களில் பாதிப் பேர் அந்தப் பாடத்துக்குப் பயந்து வயிற்றுவலி என்று படுத்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். நான் சொல்லப் போவது ஒரே ஒரு கணக்கு. அதுவும் என்னுடையது இல்லை, என் அக்காவுடையது.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குச் சற்று முந்திய வருஷங்கள். மலையாளச் சீமையில், கரமனையில், ஆற்றுக்குப் போகும் தெருவில் எங்கள் வீடு. அப்பா சர்க்கார் கச்சேரியில் கணக்குப் பிரிவில் குமாஸ்தா. அக்கா மூன்றாம் பாரம், இந்தக் காலத்து எட்டாம் வகுப்பு. நான் அவளைவிட இரண்டு வகுப்பு கீழே. தெருவிலுள்ள பெண்களையெல்லாம் ஒரு மாட்டுவண்டியில் அடைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள். வண்டிக்குள் வைக்கோல் வாசனை, கட்டுச்சாதத்தின் மோர் வாசனை, எல்லாருடைய சிலேட்டிலும் மஷித்தண்டின் பச்சை வாசனை. மஷித்தண்டை மறந்திருக்க மாட்டீர்கள். மதிலோரம் மழையில் முளைக்கும், ஒடித்தால் நீர் சொட்டும், அந்தத் தண்டால் தேய்த்தால்தான் சிலேட்டு சுத்தமாகும். அக்கா ஒரு தகரடப்பி நிறைய அதை வைத்திருப்பாள். எனக்கு ஒரு துண்டு கொடுப்பதற்குள் ஆயிரம் பிகு.

மூன்றாம் பாரத்தில்தான் ஆல்ஜீப்ரா தொடங்கும். எண்கள் நிற்கிற இடத்தில் எழுத்துகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏ என்றால் ஏதோ ஓர் எண். பி என்றால் வேறேதோ ஓர் எண். எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அடைப்புக்குறிக்குள் கிடப்பதை வெளியே எடுத்து, ஏ-யை ஏ-யோடும் பி-யைப் பி-யோடும் சேர்த்து, நீளமாக இருப்பதைச் சுருக்கிக் காட்ட வேண்டும். சிம்ப்ளிஃபை என்று அதற்குப் பெயர். அக்காவுக்கு அது பைத்தியம் மாதிரிப் பிடித்துக்கொண்டது. ஆற்றில் துணி துவைக்கிற கல்லில் ஈர விரலால் கணக்கை எழுதுவாள். வெயிலில் முதல் வரி காய்ந்து மறைவதற்குள் கடைசி வரிக்கு வந்துவிட வேண்டும் என்பது அவள் வைத்துக்கொண்ட பந்தயம்.

"அடைப்புக்கு முன்னாடி மைனஸ் நிக்கறது பாரு. கதவைத் தெறந்தா உள்ள இருக்கறவா எல்லாரும் குணம் மாறித்தான் வெளில வருவா. பிளஸ் மைனஸாயிடும், மைனஸ் பிளஸாயிடும். கேட்டயா?" என்பாள் என்னிடம். எனக்கு ஒன்றும் புரியாது. தலையை மட்டும் ஆட்டுவேன், இல்லாவிட்டால் மஷித்தண்டு கிடைக்காது.

அவர்களுடைய கணக்கு டீச்சர் எப்போதும் வெள்ளை முண்டும் அதன் மேலே நேரியதும் உடுத்து, குடையைக் கைப்பிரம்பு போலப் பிடித்து நடப்பவர். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. வருஷத் தொடக்கத்தில் எல்லாப் பெண்களின் ஆல்ஜீப்ராப் புத்தகத்தையும் வாங்கி, பின்னாலுள்ள விடைப் பக்கங்களைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிடுவார். அந்தந்தப் பெண்ணையே அதன் மேல் பெயர் எழுதச் சொல்லித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டுவார். வருஷக் கடைசியில்தான் திருப்பிக் கொடுப்பார். "ஆன்ஸர் நோக்கி கணக்கு செய்யருது," விடையைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போடக் கூடாது, என்பது அவர் கட்டளை. அக்காவின் புத்தகமும் அப்படித்தான் வால் அறுந்து வீட்டுக்கு வந்தது.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கச்சேரியில் அவர் பிரிவில் ஒரு காகிதம் மேலே போக வேண்டுமானால், அதன் அடியில் ஒரே ஒரு தொகை நிற்க வேண்டும். தொகைக்குக் கீழே இரண்டு கோடுகள். அதற்காகவே கருங்காலி மரத்தில் ஓர் உருட்டுத்தடி வைத்திருந்தார். கூட்டாமல் விட்ட காகிதம் மேலதிகாரியிடம் போனால் மானம் போயிற்று என்று அர்த்தம். வீட்டுக்கு வந்தாலும் அந்தத் தடி அவர் கையைவிட்டு இறங்காது. வெளுப்புக்குப் போடும் துணிகளை எழுதுவார். வேஷ்டி இத்தனை, துண்டு இத்தனை, புடவை இத்தனை. தடியை உருட்டிக் கோடு போட்டு, ஆகக்கூடி இத்தனை உருப்படி என்று முடிப்பார். "கோட்டுக்குக் கீழே ஒண்ணு வரணும். ரெண்டு நிக்கப்படாது," என்பார். கெட்டவர் இல்லை. மகள்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதற்காகத் தெருவில் பலபேரிடம் பேச்சு வாங்கியவர்.

அந்த வருஷம் நவராத்திரிக்கு மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி. சாலைக் கடைத்தெருவில் காப்பி ஓட்டல் வைத்திருந்தார். அக்காவுக்கு ஒரு வரனைச் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். வித்துராவைத் தாண்டி மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை. சாமான் வாங்கச் சாலைக்கு இறங்கி வரும்போதெல்லாம் மாமாவின் ஓட்டலில்தான் சாப்பாடாம். நல்ல பையன், குடியிருக்க வீடு எஸ்டேட்டிலேயே உண்டு, தை மாசமே முடித்துவிடலாம் என்றார் மாமா.

அப்பா இழுத்தார். "பெரியவ படிப்புல கெட்டியாக்கும். ஸ்கூல் ஃபைனல் வரைக்கும் போகட்டும்னு பாக்கறேன்."

"கெட்டியா இல்லையான்னு நாளைக்குப் பூஜை எடுக்கறச்சே பாத்துடலாமே அத்திம்பேரே. கெட்டின்னா நான் வாயைத் தெறக்கலை," என்றார் மாமா. அப்பா சரி என்றார். அக்கா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக் காட்டினாள். அது அடித்துக்கொண்ட வேகம் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

உங்கள் வீடுகளிலும் உண்டே, சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கிவைத்து, விஜயதசமி காலையில் எடுத்து, பெரியவர்கள் முன்னால் கொஞ்சம் படித்து, கொஞ்சம் எழுதிக் காட்டுவது. எங்கள் வீட்டில் அது பரீட்சை. மறுநாள் காலை கூடத்தில் சாம்பிராணிப் புகையும் சுண்டல் வாசனையுமாக இருந்தது. நான் ஒரு பாட்டை ஒப்பித்துத் தப்பித்தேன். அக்காவின் முறை வந்தது. அப்பா ஆல்ஜீப்ராப் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தில் நிறுத்தி, நீலப் பென்சிலால் ஒரு கணக்கின் பக்கத்தில் அடையாளம் போட்டார்.

7a + 3b − (4a − 2b)

அக்கா சிலேட்டை மடியில் வைத்து எழுதினாள். அடைப்பைத் திறந்தாள், குணங்களை மாற்றினாள், இனம் இனமாகச் சேர்த்தாள். கடைசி வரியாக 3a + 5b என்று எழுதி சிலேட்டை அப்பா பக்கம் திருப்பி வைத்தாள். அவ்வளவு சந்தோஷமான முகத்தை அவளிடம் அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அப்பா ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். ஏழிலிருந்து நாலு போனால் மூன்று. சரி. மூன்றும் இரண்டும் ஐந்து. அதுவும் எப்படியோ சரி. "ம், மேலே?" என்றார்.

"அவ்வளவுதான்பா."

"கூட்டல் குறி நிக்கறதே. கூட்டு."

"சேராதுப்பா. இது ஏ, அது பி. ஏ எவ்வளவுன்னு தெரியாது, பி எவ்வளவுன்னும் தெரியாது. தெரியற வரைக்கும் இப்படியேதான் விட்டு வைக்கணும்."

"தெரியாததைத் தெரியாதுன்னு எழுதி வைக்கறதுக்கா பள்ளிக்கூடம்? மூணும் அஞ்சும் எட்டு. இதுக்கு என்ன தயக்கம்? மூணு வேஷ்டி அஞ்சு துண்டுன்னா எட்டு உருப்படின்னு எழுதறமா இல்லையா?"

அக்கா எட்டு என்று எழுதியிருக்கலாம். பல்பத்தை ஒரு தடவை சுழித்திருந்தால் போதும், அப்பா சிரித்திருப்பார், மாமா சுண்டலைச் சாப்பிட்டுவிட்டுச் சாலைக்குப் போயிருப்பார். அம்மாவும் கண்ணால் அதைத்தான் கெஞ்சினாள். புத்தகத்தைத் திருப்பி விடையைக் காட்டலாம் என்றால் பின்பக்கங்கள் டீச்சரின் அலமாரியில் கிடக்கின்றன. அக்கா தலையை நிமிர்த்தினாள்.

"உருப்படின்னு எண்ணலாம்பா. அதுக்காக வேஷ்டி கட்டற எடத்துல துண்டைக் கட்டிண்டு கச்சேரிக்குப் போக முடியுமா?"

மாமா வெடித்துச் சிரித்தார். சுண்டல் புரையேறி, கண்ணில் நீர் வர, "அத்திம்பேரே, துண்டோட கச்சேரிக்கா!" என்று மறுபடி மறுபடி சொல்லிச் சிரித்தார். அடுப்படியிலிருந்துகூட ஒரு சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை. அவர் காது இரண்டும் சிவந்தன.

"போறும். எழுந்து போ," என்றார்.

வேறு ஒன்றும் நடக்கவில்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது மாமாவிடம், "ஜாதகத்தை வாங்கிண்டு வா. முடிக்கத் தெரியாத படிப்பு எதுக்கு?" என்று சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. கணக்கு முடியவில்லை என்று அவர் உண்மையாகவே நம்பினார் என்பதை நான் இன்று ஒப்புக்கொள்கிறேன். மைத்துனன் முன்னால் சிரிப்பாய்ச் சிரித்துப் போனதும் அதில் சேர்ந்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எது எவ்வளவு என்று இத்தனை வயதுக்கு அப்புறமும் என்னால் பிரிக்க முடியவில்லை.

அம்மா அக்காவைத்தான் திட்டினாள். "இந்த வாயை வெச்சுண்டு என்னத்தைடீ சாதிச்சே? எட்டுன்னு எழுதித் தொலைச்சா என்ன?"

"அது தப்பும்மா," என்றாள் அக்கா. அழவில்லை. அவள் அழுதிருந்தால் ஒருவேளை அப்பா இளகியிருப்பார்.

அடுத்த திங்களிலிருந்து வண்டியில் அவள் இடம் காலி. மற்றப் பெண்கள் சந்தோஷமாகக் காலை நீட்டிக்கொண்டார்கள். தகரடப்பி எனக்கு வந்துவிட்டது, திறந்தபோது மஷித்தண்டெல்லாம் அழுகிக் கொழகொழவென்று கிடந்தது. தை மாசம் கல்யாணம். நாலாம் நாள் அக்காவைப் பஸ்ஸில் ஏற்றினோம். ஜன்னல் வழியாக என்னிடம், "புஸ்தகத்தை ஜாக்கிரதையா வெச்சுக்கோ, உனக்கு வேணும்," என்றாள். அக்காவின் கணவர், என் அத்திம்பேர், நல்லவர்தான். ஆனால் அந்த மலையில் மழையும் அட்டையும் மூடுபனியும், பத்து மாசம் காயாத துணிகளும், மலைக்காய்ச்சலும்தான் இருந்தன. சண்டை வந்த பிறகு, பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ் பாதி வழியில் நின்றுவிடும் என்று அவளை அதிகம் அனுப்பவும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து நான் மூன்றாம் பாரத்துக்கு வந்தேன். அதே புத்தகம், அதே டீச்சர். விடைப் பக்கங்களை வெட்டும் நாளில் என் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அலமாரியைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். மேலே அக்காவின் கையெழுத்தில் அவள் பெயர். "இது வாங்கான் வந்நில்லல்லோ. அவள் எவிடே?" என்று கேட்டார். இதை வாங்கிக்கொள்ள அவள் வரவே இல்லையே என்கிறார். கல்யாணமாகிவிட்டது என்று சொன்னேன். டீச்சர் கட்டைத் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டினார். அன்று முழுவதும் யாரையும் அதட்டவில்லை.

ஆடி மாசத்துக் கர்க்கடக மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள், டீச்சர் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினார். என் புத்தகத்தில் அதன் பக்கத்தில் நீலப் பென்சில் அடையாளம் இருந்தது. டீச்சர் அடைப்பைத் திறந்தார், குணங்களை மாற்றினார், 3a + 5b என்று எழுதினார். ஒரு பெண் எழுந்து, கூட்டி எட்டு என்று போடட்டுமா என்று கேட்டாள். டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தட்டினார். "வேண்டா. இவிடே தீர்ந்நு." இங்கேயே முடிந்துவிட்டது.

நான் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். எதற்கு என்று டீச்சர் கேட்டார். புத்தகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

சாயந்திரம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிந்துகொண்டிருந்த வாழைக்காயை விட்டுவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தாள். "மெதுவாப் பேசு. அப்பா காதுல விழப் போறது." அக்காவுக்கு ஒரு கார்டாவது எழுதட்டுமா என்று கேட்டேன். "கார்டை அவாத்துல எல்லாரும் படிப்பா. அவளுக்குத்தான் கஷ்டம். சும்மா இரு," என்றாள்.

சும்மா இருக்க முடியவில்லை. அப்பா உருட்டுத்தடியோடு வெளுப்புக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது சிலேட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"டீச்சர் போர்டுல போட்டா. இதோட நிறுத்திட்டா."

அப்பா தடியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். "அடுத்த வரியை மறந்திருப்பா."

"இல்லேப்பா. முடிஞ்சுடுத்துன்னு சொன்னா. எட்டுன்னு போட்டா தப்புன்னு சொன்னா."

"சரி. நீ போ."

மறுநாள் காலை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது, வராந்தாவில் அப்பா நின்றார். மூடிய கோட்டு, தலைப்பாகை, தண்ணீர் சொட்டும் குடை. கோவிலுக்கு வந்ததைப் போலச் செருப்பைப் படியிலேயே விட்டிருந்தார். டீச்சர் வெளியே போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை, மழை இரைச்சல். டீச்சர் உள்ளே வந்து அலமாரியைத் திறந்து அந்தக் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு போனார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார், ஓரிடத்தில் விரலை வைத்தார். விரலை வெகுநேரம் எடுக்கவேயில்லை. பிறகு கட்டைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். குடையை வராந்தாவிலேயே விட்டுவிட்டார்.

வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாரத்து வெளுப்புக் கணக்கில் வேஷ்டியும் துண்டும் புடவையும் தனித்தனியாக எழுதியிருந்தன, கீழே கோடு இல்லை. என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தும் பேச்சும் அதற்குப் பிறகு எழவில்லை. நான் ஸ்கூல் ஃபைனல் படித்ததும், காலேஜுக்குப் போனதும், நாற்பது வருஷம் வேலை பார்த்ததும் எல்லாம் அந்த மழைநாளால் கிடைத்தவை. அக்கா படித்திருக்க வேண்டிய படிப்பு அது. அப்பாவை நான் மன்னித்துவிட்டதாக உறவுக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். பொய். எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

அந்த வருஷ நவராத்திரிக்கு அக்கா வந்தாள். இடுப்பில் குழந்தை, காய்ச்சலில் உதிர்ந்து எலிவாலாகிப் போன பின்னல், குளிரில் வெடித்த கைகள். வந்த அன்றே அடுப்படிக்குள் போய்விட்டாள். அவளிடம் நான் சொல்லிவிடத் துடித்தேன். ஆனால் சொல்ல வேண்டியவர் அப்பா என்று ஒரு பிடிவாதம் எனக்கு. இரண்டு நாள் அவர் பின்னாலேயே திரிந்தேன். அவர் என் கண்ணைப் பார்க்காமல் தப்பித்துக்கொண்டிருந்தார்.

விஜயதசமி காலை. பூஜை முடிந்து அவரவர் புத்தகங்களை எடுத்துக்கொண்டோம். என் ஆல்ஜீப்ராவைக் காணோம். அப்பா அடுக்கின் அடியிலிருந்து அதை எடுத்தார். அட்டையில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. வெட்டிய பின்பக்கங்களைச் சோற்றுப் பசையால் வரிசை பிசகாமல் ஒட்டியிருந்தார். அக்காவைக் கூப்பிட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"இந்தா," என்று புத்தகத்தை நீட்டினார். அவர் குரல் கச்சேரிக் குரலாக இல்லை. "அன்னிக்கு நீ போட்டது சரியாக்கும்."

அக்கா புத்தகத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"தெரியும்பா."

"தெரியுமா? அப்ப ஏன் சொல்லலை?"

"சொன்னேனே அப்பா."

அக்கா புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பின்பக்கம் புரட்டி, ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். காகித ஓரத்தில் அவளுடைய பழைய கையெழுத்து இருந்தது. குழந்தை உள்ளே அழத் தொடங்கியது. புத்தகத்தை மூடி என் கையில் வைத்தாள்.

"நாளைக்கு உனக்குப் பள்ளிக்கூடம் இருக்கே. ஒட்டின எடத்தை நனைச்சு, இந்தப் பக்கத்தையெல்லாம் பிரிச்சு டீச்சர்கிட்ட கொண்டுபோய்க் கொடுத்துடு," என்றாள். "விடையைப் பாத்துண்டு கணக்குப் போடப்படாது."